அடுப்புக்கு ஒரு தனி லைன்

மடிப்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டி.பி. பாக்ஸைத் திறந்தால், கரண்ட் அளவு மீறினால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் எம்.சி.பி.க்கள் இரண்டு புதிதாகக் கண்ணில் படும். ஒன்றின் கீழே ‘ஹாப்’, இன்னொன்றின் கீழே ‘ஓவன்’ என்று எலக்ட்ரீசியன் தம்பி ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். இந்த வீட்டில் எனக்கென்று தனி அறை கிடையாது. அடுப்புக்குத் தனி லைன் இருக்கிறது. பொறாமை ஒன்றும் இல்லை. ஓர் அடுப்புக்கு இவ்வளவு மரியாதை வந்து சேர எத்தனை காலம் பிடித்தது என்று நினைத்தால்தான் சிரிப்பு வருகிறது.

மன்னார்குடியில் எங்கள் பழைய வீட்டுக்குள் மின்சாரம் பந்தி வரிசையில்தான் நுழைந்தது. முதல் பந்தி கூடத்துக்கு: மின்விசிறி, குழல்விளக்கு, தாத்தாவின் வால்வு ரேடியோ. அடுத்தது திண்ணை, நம் வீட்டில் கரண்ட் இருப்பது தெருவுக்குத் தெரிய வேண்டுமே. பிறகு சாமி அறை, மாடிப்படி. எல்லோரும் எழுந்து கை கழுவிய பிறகுதான் சமையலறை. அங்கே விழுந்தது ஒரே ஒரு 40 வாட் குண்டு பல்பு. அதற்கும் சுவிட்ச் உள்ளே கிடையாது, வெளியே நடையில் இருந்தது. “ஈரக்கையோட தொட்டுட்டா யாரு பதில் சொல்றது?” என்பது தாத்தா சொன்ன காரணம். ஈரக்கைக்காரர்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

விறகு அடுப்பின் புகையில் அந்தப் பல்பு சில மாதங்களிலேயே கறுத்துப்போகும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதுதான் அதைத் துடைப்பார்கள். சாம்பாருக்கு என்ன நிறம் என்று எங்களுக்குத் தெரிய வருவதும் அன்றைக்குத்தான்.

மீட்டருக்குள் ஓர் அலுமினியத் தட்டு சுழலும். அதன் விளிம்பில் ஒரு கோடு. அந்தக் கோடு எவ்வளவு சீக்கிரம் திரும்பி வருகிறது என்பதை வைத்துத் தாத்தா குடும்பத்தின் ஊதாரித்தனத்தை அளந்தார். இஸ்திரிப் பெட்டியைச் செருகினால் தட்டு வேகமெடுக்கும்; கூடவே அவர் குரலும் ஏறும். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அந்தக் கணக்கில் சமையலறைப் பல்பு ஒரு யூனிட்டைத் தின்று முடிக்க 25 மணி நேரம் ஆகும். அதையும், “வேலை முடிஞ்சா அணைக்கக் கூடாதா?” என்று கூடத்திலிருந்து கேட்பார், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு.

அந்தக் கால வயரிங்கின் அழகைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் தெரு ஒயர்மேன் சுண்ணாம்பில் தோய்த்த நூலைச் சுவரில் பிடித்துச் சுண்டுவார். விழுந்த கோட்டின் மேல் தேக்குக் கட்டை ஓடும். கட்டையின் மேல் சீரான இடைவெளியில் கிளிப், கிளிப்பின் பிடியில் ஒயர். எந்த ஒயர் எங்கே போகிறது என்று குழந்தைக்கும் தெரியும். ஒயரின் தடிமனை அவர் பின்னம்போல் சொல்வார்: விளக்குக்கு 1/18 அல்லது 3/22, பவருக்கு 3/20 அல்லது 7/20. முதல் எண் எத்தனை இழை, இரண்டாவது இழையின் கேஜ். கேஜ் எண் ஏற ஏற இழை மெலியும். இந்த எண்களை வைத்து அவர் கூடத்தில் பேசினால், பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியாரே தள்ளி நிற்பார்.

பிறகு செம்பு எட்டாக்கனியாகிப்போன வருடங்களில் அலுமினிய ஒயர் வந்தது. ஸ்க்ரூவில் சுற்றினால் ஒடியும். ஒடியாவிட்டால் நாளடைவில் தளரும். தளர்ந்த இடம் கருகும். கருகல் வாடை வந்தால் யார் வீட்டு அடுப்பில் எது அடிபிடித்தது என்று பக்கத்து வீட்டைத்தான் முதலில் சந்தேகப்படுவோம்.

எல்லாவற்றுக்கும் காவல் பீங்கான் பியூஸ். அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் தான் உருகி வீட்டைக் காப்பாற்றுவது அதன் வேலை. எங்கள் தெருவிலோ, உருகுகிற பியூஸ் கையாலாகாத பியூஸ். கேரியரைப் பிடுங்குவார்கள், பழைய ஒயரிலிருந்து ஓர் இழையை உருவி முறுக்குவார்கள். மறுபடி போனால் இரண்டு இழை, அதற்கடுத்து நான்கு. கையில் ஒயரே இல்லாவிட்டால் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் பளபளப்புத் தாள். கடைசியில் பியூஸ் போகவே போகாது. அதற்கு முன்னால் வீடு போய்விடும். “அவர் போட்ட பியூஸ் இன்னி வரைக்கும் போனதில்லை” என்பது அந்தக் காலத்தில் ஒரு மனிதருக்குக் கிடைத்த நற்சான்று.

கோயம்புத்தூரில் பி. சபாபதி 1955இல் மின்சார கிரைண்டரை உருவாக்கினார். அது எங்கள் வீட்டுக்கு வந்து சேர எழுபதுகளின் கடைசி ஆயிற்று. கிரைண்டர் வந்தது, அதற்குப் பிளக் பாயிண்ட் வரவில்லை. கூடத்தில் ரேடியோவைக் கழற்றிவிட்டு, அங்கிருந்து ஒயரை நிலைப்படிகளுக்கு மேலாகச் சமையலறைக்குக் கொண்டுபோனார்கள். ஆகவே இட்லிக்கு மாவு அரைபடும்போது யாரும் செய்தி கேட்க முடியாது. தாத்தா இட்லியையே சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

கிரைண்டர் பிளக்கில் மூன்று பின். சுவரில் இரண்டே ஓட்டை. ஒயர்மேன் யோசிக்கவே இல்லை. மூன்றாவது பின்னைக் கழற்றி, “பத்திரமா வச்சுக்கங்கம்மா” என்று அம்மாவின் கையிலேயே கொடுத்தார். அந்த மூன்றாவது பின்தான் எர்த். உயிரைக் காப்பது அதுதான். அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் அது பல காலம் பத்திரமாக இருந்தது.

கொஞ்ச நாளில் அம்மா, “கிரைண்டரைத் தொட்டா சுள்ளுனு இழுக்குது” என்றார். குடும்பம் கூடி ஆலோசித்தது. முடிவில் ஒரு மரப்பலகை வந்தது. கிரைண்டரை யாரும் சரி செய்யவில்லை; அம்மாவைப் பலகை மேல் ஏற்றினார்கள். அடுத்த தீபாவளிக்குப் புடவையோடு ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் கொடுத்தார்கள். எங்கள் வீட்டின் மின் பாதுகாப்புத் திட்டம் அத்துடன் நிறைவேறியது.

எண்பதுகளில் வேலை கிடைத்து நான் திருவல்லிக்கேணி மேன்ஷனுக்கு வந்தேன். மின்சாரத்தில் சமைப்பதை அங்கேதான் முதலில் பார்த்தேன், அதுவும் குற்றச்செயலாக. பீங்கான் தட்டில் சுருள் பள்ளம், பள்ளத்தில் நைக்ரோம் கம்பி, மூடி கிடையாது. அதற்குப் பெயர் ஹீட்டர். மேன்ஷன் விதிகளில் முதல் விதியே அது கூடாது என்பதுதான். ஆகவே எல்லா அறைகளிலும் ஒன்று இருந்தது. பிளக் கிடையாது. ஒயர் நுனியைப் பல்லால் சீவி, சாக்கெட் ஓட்டைக்குள் விட்டு, தீக்குச்சியால் ஆப்பு வைப்பார்கள். சாக்கெட் இல்லாத அறையில் பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் அடாப்டர். அப்போது சமையல் இருட்டில் நடக்கும், கம்பியின் சிவப்பு வெளிச்சத்தில்.

மாலை ஏழு மணிக்கு வோல்டேஜ் 180க்கு இறங்கிவிடும். ஹீட்டரின் வலு வோல்டேஜின் வர்க்கக் கணக்கில் குறையும். 230 வோல்ட்டில் 1500 வாட் தருவது 180இல் ஏறக்குறைய 920 வாட்தான். பால் பொங்குவதற்குள் பொறுமை பொங்கிவிடும். பிறகு எங்கோ ஓர் அறையில் இன்னொருவர் ஹீட்டரைச் செருகுவார். மாடி முழுக்க இருட்டாகும். மேனேஜர் டார்ச்சோடு மேலே வருவார். அவருக்கு டெஸ்டர் தேவைப்படவில்லை. எந்தக் கதவுக்குப் பின்னால் வெங்காயம் வதங்கும் வாசனை வருகிறதோ அங்கே தட்டுவார்.

கல்யாணம் ஆனதும் கேஸ் வந்தது. வந்தது என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டேன். பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்களும், எம்.பி. கோட்டாவுக்காக அறிமுகக் கடிதத்தோடு அலைந்தவர்களும் மன்னிக்க வேண்டும். சிலிண்டர் வந்த பிறகு மின்சார அடுப்பை எல்லோரும் மறந்தோம்.

நினைவுபடுத்தியது 2012. அந்த செப்டம்பரில், மானிய விலையில் ஆண்டுக்கு 6 சிலிண்டர்தான் என்று மத்திய அரசு வரம்பு போட்டது. தமிழ்நாடு இண்டக்‌ஷன் அடுப்புக் கடைகளுக்கு ஓடியது. அடுப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் கரண்ட் இல்லை. அதே வருடம்தான் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளில் பாதிக்கும் மேல் மின்வெட்டு. கேஸ் இருக்கும்போது கரண்ட் அடுப்பு தேவையில்லை, தேவைப்படும்போது கரண்ட் இல்லை. கரண்ட் வந்த நேரத்திலும் ஆபத்துதான். 2000 வாட் அடுப்பு 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். மிக்ஸிக்குப் போட்ட 6 ஆம்பியர் சாக்கெட்டில் கன்வெர்ட்டர் பிளக்கைச் செருகி அதை ஓட்டினார்கள். சாக்கெட் முதலில் பழுப்பாகி, பிறகு இளகியது. பழைய மேன்ஷன்வாசிகளுக்கு அந்த வாடை பரிச்சயமானதுதான்.

இனி இந்தக் காலம். “மாமா, கிச்சனை மாடுலரா மாத்திடலாம்” என்றாள் மருமகள். மாற்றித்தர வந்த டிசைனர் பெண் டேப்லெட்டில் படம் காட்டினாள். நான்கு சமையல் வட்டங்களோடு கறுப்புக் கண்ணாடி ஹாப். சுவர் அலமாரிக்குள் பதித்த ஓவன்.

“நம்ம வீட்ல யாரும்மா கேக் செய்யப்போறாங்க?” என்று கேட்டேன்.

“அது இல்லை அங்கிள். ஓவன் இல்லாட்டி டால் யூனிட் எம்ப்டியா தெரியும்.”

ஓவனின் தலையாய பயனை இவ்வளவு தெளிவாக நான் எங்கும் கேட்டதில்லை.

எலக்ட்ரீசியன் தம்பி விழுப்புரத்துக்காரர். சமையலறைக்குள் கால் வைப்பதற்கு முன் ஹாப், ஓவன் இரண்டின் பின்புறத் தகட்டையும் படித்தார். ஹாப் 7400 வாட். 230ஆல் வகுத்தால் 32 ஆம்பியர். ஓவன் 3000 வாட், 13 ஆம்பியர். என் மனக்கணக்கு வேறு பக்கம் ஓடியது. மன்னார்குடிச் சமையலறைப் பல்புகள் 185 ஒரே நேரத்தில் எரிந்தால் எவ்வளவோ, முழுச் சூட்டில் இந்த ஹாப் அவ்வளவு. ஒரு யூனிட்டை இது எட்டே நிமிடத்தில் தின்றுவிடும். தாத்தா பார்க்க இப்போது மீட்டரில் தட்டும் இல்லை. ஒரு சிவப்புப் புள்ளி மினுக்குகிறது. மாதம் இரண்டானால் பில் மட்டும் செல்போனில் வருகிறது. 2016 மேயில் முதல் 100 யூனிட் இலவசமானது. அந்த இலவசத்தை எப்படித் தீர்ப்பது என்று இந்த அடுப்புக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

“சார், இதை இருக்கிற லைன்ல சேக்கக் கூடாது” என்றார் தம்பி. “ஹாப்புக்கு டி.பி.லேருந்து 6 ஸ்கொயர் எம்.எம். ஒயர் தனியா இழுக்கணும், நடுவுல ஜாயிண்ட் போடக் கூடாது. பிளக் கிடையாது, நேரா டெர்மினல்ல முடுக்கணும். ஓவனுக்கு 4 ஸ்கொயர், 16 ஆம்பியர் பாயிண்ட். ஈ.பி.ல கூடுதல் லோடுக்கு எழுதிப் போட்டுடுங்க.”

நல்லவேளை, ஃபிளாட்டுக்கு மூன்று பேஸ் இணைப்பு ஏற்கெனவே இருந்தது. சிவப்பு பேஸ் ஹாப்புக்கு, மஞ்சள் ஓவனுக்கு, நீலம் ஏ.சி.க்கும் கீசருக்கும் என்று சொத்துப் பிரிப்பதுபோல் இல்லாமல் சண்டையின்றிப் பிரித்துக் கொடுத்தார். ஹாப்புக்கான டபுள் போல் சுவிட்சை அடுப்புக்கு நேர் மேலே வைக்கவில்லை, பக்கவாட்டில் தள்ளி வைத்தார். எண்ணெய் தீப்பிடித்தால் அதன் மேலே கையை நீட்டியா சுவிட்சை அணைப்பது என்று கேட்டார். டிசைனர் படத்தில் அந்த சுவிட்சே இல்லை. அது அழகைக் கெடுக்கிறதாம்.

ஒயர் விலை வந்தது. ஹாப்பின் விலையைக் கேட்டு முகம் சுளிக்காத என் மகன், ஆபீஸ் அழைப்பை மியூட்டில் போட்டுவிட்டு அறைக்கு வெளியே வந்தான். “ரெண்டரை ஸ்கொயர் போட்டா தாங்காதாண்ணே?”

“தாங்கும் சார். ஒருநாள் தாங்கும்.”

பிறகு விளக்கினார். ஓடுகிற கரண்ட் இரண்டு மடங்கானால் ஒயரின் சூடு நான்கு மடங்காகும். அந்தச் சூடு டைல்ஸுக்குப் பின்னால், பைப்புக்குள் அடைந்து கிடக்கும். எரிகிற வரை யாருக்கும் தெரியாது. எம்.சி.பி. இருக்கிறதே என்றால், எம்.சி.பி. காப்பது அடுப்பை அல்ல, ஒயரை. ஒயர் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் எம்.சி.பி. மாட்டினால் அது வெறும் சுவிட்ச். 2.5 ஸ்கொயருக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. மாட்டித் தரச் சொல்கிற வீடுகள் நிறைய உண்டாம். பியூஸில் நான்கு இழை முறுக்கிய புத்தி செத்துப்போகவில்லை. மாடுலர் சட்டை போட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

சுவரைக் காடி வெட்டினார்கள். தூசி பீரோவுக்குள் இருந்த பட்டுப்புடவை வரைக்கும் போனது. பைப் பதித்து, ஸ்பிரிங் விட்டு ஒயரை இழுத்து, பூசி, டைல்ஸ் ஒட்டினார்கள். மன்னார்குடியில் ஒயர் எங்கே போகிறது என்று குழந்தைக்கும் தெரிந்தது. இங்கே வீட்டுக்காரனுக்கே தெரியாது. ஆணி அடிப்பதற்கு முன் செல்போனில் எடுத்து வைத்த படத்தைத் தேட வேண்டும். மூடுவதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னவரும் அந்தத் தம்பிதான்.

கடைசியாக ஆர்.சி.சி.பி. வந்தது. போகிற கரண்ட்டும் திரும்பி வருகிற கரண்ட்டும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால், கண் இமைப்பதற்குள் லைனைத் துண்டித்துவிடும். “யாராவது ஈரக்கையோட தொட்டாக்கூட பயம் இல்லை சார்” என்று தம்பி சொன்னபோது, நடையில் மாட்டியிருந்த அந்த சுவிட்ச் ஞாபகத்துக்கு வராமல் இல்லை.

இவ்வளவும் முடிந்தது. இன்றைக்கு எங்கள் வீட்டிலேயே தடித்த ஒயர் சமையலறைக்குத்தான் போகிறது. எங்கள் வீட்டில் மிகக் குறைந்த நேரம் ஆள் நிற்கிற இடமும் அதுதான். இரவானால் வாசல்மணி அடிக்கிறது, பொட்டலம் வருகிறது. 32 ஆம்பியர் ஹாப்பில் காலையில் பால் காய்கிறது; ஞாயிற்றுக்கிழமை ரசம் கொதிக்கிறது. ஓவனுக்குள் தோசைக்கல்லும் பெரிய வாணலியும் குடியிருக்கின்றன.

ஐப்பசி மழையில் ஒருநாள் மருமகள் தோசைக்கல்லை வெளியேற்றிவிட்டு ஓவனைப் போட்டாள். உடனே ஆர்.சி.சி.பி. விழுந்தது. வீடே இருண்டது. தம்பியைக் கூப்பிட்டோம். சூடேற்றும் குழாய்க்குள் மெக்னீசியம் ஆக்சைடு பொடி இருக்கிறது. ரொம்ப நாள் சும்மா கிடந்தால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், அந்த ஈரம் வழியாகக் கரண்ட் கசியும் என்றார். குழாயைக் கழற்றி உலர்த்தி மாட்டினார். “ரிப்பேர் எதுவும் இல்லை மேடம். வாரத்துக்கு ஒரு தடவை ஓட்டுங்க.” ஆகவே இப்போது வாரத்துக்கு ஒருமுறை காலி ஓவனைச் சூடாக்குகிறோம். அடுப்பு எங்களுக்குச் சமைப்பதைவிட, அடுப்பு கெடாமலிருக்க நாங்கள் செய்யும் ஊழியம் அதிகம்.

பால்கனியில் ஒரு கேஸ் சிலிண்டரும் பழைய இரட்டை அடுப்பும் இருக்கின்றன. டிசைனர் பெண் அவற்றைக் கொடுத்துவிடச் சொன்னாள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்தப் பக்கமெல்லாம் தண்ணீர் நின்று கரண்ட் போனதை அவள் அறியாள். கறுப்புக் கண்ணாடியில் கரண்ட் இல்லாமல் வெந்நீர்கூடப் போட முடியாது.

இருந்தாலும், ‘அந்தக் காலம் போல வருமா?’ என்று என்னிடம் யாராவது பெருமூச்சு விட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன். தேக்குக் கட்டையும் நூல் பிடித்த கோடும் அழகுதான். ஆனால் அந்த அழகுக்குள் எர்த் இல்லை, சமையலறைக்கு ஒரு பிளக் இல்லை. ஷாக் அடித்தால் பலகை மேல் நிற்க வேண்டியவர் யார் என்பதும் முன்பே தீர்மானமாகியிருந்தது. எங்கள் அம்மா மாவரைத்த காலத்தில் வந்திருக்க வேண்டிய பாதுகாப்பு, கேக் செய்யாத ஓவனுக்காக வந்திருக்கிறது. தாமதம்தான், ஆனாலும் வந்தது நல்லது.

வீடு கட்டுகிறவர்களுக்கும் சமையலறையை இடித்துக் கட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்வேன். அடுப்பைத் தேர்வு செய்வதற்கு முன் ஒயரைத் தேர்வு செய்யுங்கள். எத்தனை வாட் என்று பார்த்து, 230ஆல் வகுத்து, அந்த ஆம்பியருக்கு ஏற்ற செம்பு ஒயரை டி.பி.யிலிருந்து தனியாக இழுக்கச் சொல்லுங்கள். உரிமம் உள்ள ஆளை வைத்துச் செய்யுங்கள். எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி.யின் ‘டெஸ்ட்’ பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். ஹாப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாம். சுவருக்குள் போன ஒயரை மாற்ற மறுபடி சுவரைத்தான் உடைக்க வேண்டும்.